பாய்மரப் படகுல குடும்பத்தோட அட்லாண்டிக் தாண்டுனது: எல்லாரும் கேக்குற கேள்விங்க

புதுச்சேரிக்கு திரும்பி வந்ததுலேந்து எந்த கல்யாணத்துக்கு போனாலும், காதுகுத்துக்கு போனாலும், ஏன் முத்தியால்பேட்டைல கத்திரிக்கா பொறுக்கிட்டு இருக்கும்போது கூட யாராவது ஒருத்தர் வந்து "நீங்கதான அந்த படகுல போன குடும்பம்"னு ஆரம்பிச்சிடுறாங்க. கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நானும் பாதி பதில் சொல்லிட்டு இருக்கும்போதே பந்திக்கு கூப்ட்டுடுவாங்க, மீதி கத அப்டியே தொங்கும். அதான் ஒரே மூச்சுல எழுதி வச்சிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

எங்கேந்து எங்க போனீங்க, எத்தன நாள்?

பிரான்ஸ்ல தூலோன்லேந்து 2022 ஆகஸ்ட்ல கெளம்புனோம். ஸ்பெயின் கரைய ஒட்டியே வந்து, ஜிப்ரால்டர் தாண்டி, கேனரி தீவு, அங்கேந்து ஒரு வாரம் தெக்க எறங்குனா கேப் வெர்டே தீவுக்கூட்டம், அதுல மிண்டேலோன்னு ஒரு ஊரு. அது வரைக்கும் நடுவுல நடுவுல கரை பாத்துட்டேதான் வந்தோம். உண்மையான பெருங்கடல் தாண்டுறதுன்னா மிண்டேலோலேந்து கரீபியன்ல இருக்குற மார்த்தினிக் வரைக்கும். சுமார் 2,100 கடல் மைல், கிலோமீட்டர்ல சொன்னா 3,900 பக்கம். டிசம்பர் 18 கெளம்பி ஜனவரி 4 போய் சேந்தோம், 17 நாள். ஒரு நாளைக்கு சராசரியா 120 மைல் சொச்சம். ஸ்கூட்டியில பீச் ரோட்டுல உருட்டிட்டு போற வேகத்த விட கம்மி, ஆனா 24 மணி நேரமும் நிக்காம போயிட்டே இருக்கும், அதான் விஷயம்.

புதுச்சேரிக்காரங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேல?

எங்க மாமனார் சொல்தா. வெளியூர் ஆளுங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர்ட் ஆனவங்கள இங்க அப்டிதான் சொல்லுவோம். அதனால இவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், தூலோன்ல கப்பல் ரிப்பேர் பண்ற இடத்துல வேல, அங்க தெருவுக்கு நாலு பேரு பாய்மரப் படகு வச்சிருப்பான், பாத்து பாத்து இவருக்கும் ஆச வந்துடுச்சி. எனக்கு? நான் குருசுக்குப்பத்துல கடல பாத்துட்டே வளந்தவ, ஆனா நீச்சலே 33 வயசுலதான் கத்துக்கிட்டேன். கடலோரத்துல பொறந்த பொண்ணுங்களுக்கு கடல்ல எறங்குறத தவிர எல்லாம் சொல்லிக்குடுப்பாங்க, அது வேற கத.

படகு எவ்ளோ பெருசு?

38 அடி நீளம், அகலம் 12 அடி கூட வராது. 1984ல செஞ்ச ஃபைபர் படகு. உள்ள ரெண்டு சின்ன ரூம், நடுவுல ஒரு மேச, அடுப்பு, ஒரு பாத்ரூம். முன்னாடி கூர் பக்கத்த எங்க பக்கத்து வீட்டு அண்ணன் அணியம்னு சொல்லுவாரு (அவரு தேங்காய்த்திட்டு துறைமுகத்துலேந்து விசைப்படகுல தொழிலுக்கு போறவரு), அந்த அணியத்துல இருக்குற படுக்கை கடல்ல போகும்போது லாயக்கில்ல, மேலயும் கீழயும் தூக்கி தூக்கி போடும். அதனால அங்க வெங்காய மூட்ட, உருளக்கெழங்கு, டாய்லெட் பேப்பர். மனுஷங்க எல்லாம் நடுவுல.

ராத்திரி ஆனா நங்கூரம் போட்டுட்டு தூங்குவீங்களா?

இத கேக்காத ஆளே இல்ல, எங்க அத்த மூணு தடவ கேட்டாங்க. கேள்வியில தப்பில்ல, ஆனா அங்க ஆழம் பெரும்பாலும் 3, 4, 5 கிலோமீட்டர். எங்க சங்கிலி 60 மீட்டர். அதனால நங்கூரம்லாம் கெடையாது, ராத்திரி பகல் எல்லா நேரமும் படகு ஓடிட்டேதான் இருக்கும், யாராவது ஒருத்தர் முழிச்சிட்டேதான் இருக்கணும்.

பெரியவங்க நாங்க ரெண்டே பேரு. ராத்திரி 8லேந்து 11 நான், 11லேந்து 2 இவரு, 2லேந்து 5 மறுபடி நான், 5லேந்து 8 இவரு. அப்போ நான் தூங்குறது 11லேந்து 2, அப்புறம் 5லேந்து 8. சேத்தா ஆறு மணி நேரம் வருதேன்னு தோணும், ஆனா மூணு மணி நேர துண்டா தூங்கி பாருங்க, அதுலயும் மழ அங்கி கழட்டி, படுத்து, படகு ஆட்டத்துக்கு உடம்பு செட் ஆகி கண்ண மூடுனா ரெண்டரை மணி நேரம்தான். வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு ராத்திரி கண்ணு முழிக்க நம்ம ஊர்ல பரமபதம் ஆடி, டீ போட்டு, தெருவே சேந்து உக்காரும். அந்த வருஷம் அது ஜனவரி 2 வந்துச்சி, அன்னிக்கு எங்களுக்கு அது பதினாறாவது ராத்திரி, இவரு "நமக்கு சொர்க்கவாசல் டபுளா தெறக்கணும்"னாரு.

முழிச்சிருக்கறவங்க சுக்கான புடிச்சிட்டே நிக்கணும்னு இல்ல. படகு பின்னாடி ஒரு கருவி இருக்கு, மேல ஒரு பலகை காத்துக்கு சாயும், அந்த சாய்ற அசைவுல கீழ தண்ணியில இருக்குற துடுப்பு திரும்பி அதுவே சுக்கான இழுத்து நேரா ஓட்டும், கரண்டே வேணாம். நம்ம வேல சுத்தி பாக்குறதுதான். கிச்சன்ல வைக்கிற டைமர்ல 15 நிமிஷம் வச்சிப்பேன். ஏன் 15ன்னா, 20 நாட் வேகத்துல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வர்ற ஒரு சரக்குக் கப்பல் 15 நிமிஷத்துல 5 மைல் வந்துடும், இப்போ தொடுவானத்துல தல காட்டுனது அடுத்த கால் மணி இருபது நிமிஷத்துல மேல வந்து நிக்கலாம். அக்கம்பக்கம் இருக்குற கப்பலோட பேரு, தெசை எல்லாம் காட்டுற ஏஐஎஸ் கருவியும் இருந்துச்சி, இருந்தாலும் கண்ணால பாத்தாதான் எனக்கு நம்பிக்க. 17 நாள்ல மொத்தம் மூணே கப்பல்.

டிசம்பர் 23 அமாவாச. அந்த வாரம் பூரா மை இருட்டு. நட்சத்திரம் பாக்க தெரியாதவங்களுக்கு ஒரு வழி சொல்றேன்: கைய முன்னாடி நீட்டி முஷ்டி மடக்குனா அது வானத்துல சுமாரா 10 டிகிரி. துருவ நட்சத்திரம் எத்தன டிகிரி ஒசரத்துல நிக்குதோ அதுதான் நீங்க நிக்கிற எடத்தோட அட்சரேகை. புதுச்சேரி 12 டிகிரி. நாங்க போன பாதை 17லேந்து 14 டிகிரி வரைக்கும். அதாவது பூமியோட அந்தப் பக்கம் போயும் துருவ நட்சத்திரம் எங்க மொட்ட மாடியில நிக்கிற மாதிரியேதான், ஒரு முஷ்டியும் கொஞ்சமும், நின்னுச்சி. தல மேல கார்த்திக. ஊர விட்டு தூரமா இருக்கோம்ங்கறதே அப்போ தோணல.

புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?

வராத மாசத்துல போறதுதான் பண்றது. அங்க புயல் சீசன் ஜூன்லேந்து நவம்பர். அது முடிஞ்சப்புறம் வடகெழக்குலேந்து ஒரே சீரா காத்து வீசும், பழைய காலத்து வியாபாரக் கப்பலுங்க, கொலம்பஸு எல்லாம் நம்பி போனது அந்தக் காத்ததான். நம்ம ஊரு வாட காத்து மாதிரின்னு வச்சிக்கங்க, ஆனா மழையும் புயலும் ஒட்டிட்டு வராது. ஆப்பிரிக்கா பாலைவனத்து மண்ணு அதுல பறந்து வந்து கயிறு, பாய் எல்லாம் செங்கல் கலர்ல ஆயிடும்.

நான் 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு புதுச்சேரியில இருந்தவ. விடியகால அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு, விடிஞ்சி பாத்தா தெருவுல ஒரு மரம் நிக்கல, கடலூர் பக்கம் பலா, முந்திரின்னு தோப்பு தோப்பா சாஞ்சி கெடந்துச்சி. அத ஒப்பிட்டா அட்லாண்டிக்ல நாங்க பாத்தது ஒண்ணுமே இல்ல. 20, 25 நாட் காத்து, மூணு மீட்டர் அலை, அதுவும் முதுகுல தள்ளுற அலை. அப்பப்போ ஒரு கருமேகம் வந்து 10 நிமிஷம் காத்து ஏறி மழ கொட்டும், அவ்ளோதான்.

உண்மையான தொல்ல ஆட்டம். பின்காத்துல ஓடுற படகு தொட்டில் மாதிரி ரெண்டு பக்கமும் உருளும், நிறுத்தாம, 17 நாளும். டம்ளர வச்சிட்டு கைய எடுத்தா போச்சு. தூங்கும்போது கீழ விழாம இருக்க படுக்கை ஓரத்துல கித்தான் துணி ஒண்ண தூக்கி கட்டிப்போம், சின்னவன் அத தூளின்னுதான் சொல்லுவான், வேற பேரு சொன்னா ஒத்துக்க மாட்டான்.

வாந்தி வரலையா?

வந்துச்சி. மொத மூணு நாள் எனக்கும் மூத்தவளுக்கும். இவருக்கு லேசா. சின்னவனுக்கு ஒண்ணுமே இல்ல, எங்க மூஞ்சியப் பாத்து சிரிச்சிட்டே பிஸ்கட் தின்னான். இஞ்சி மொரப்பா, தொடுவானத்த பாக்குறது, காலி வயித்தோட இருக்காம இருக்கறது, உள்ள போய் குனிஞ்சி எதையும் தேடாம இருக்கறது, இதான் வைத்தியம். மாத்திர டாக்டர கேட்டு எடுத்துட்டு போனோம். நாலாவது நாள் உடம்பு பழகிடும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?

இத பத்தி தனியா ஒரு புஸ்தகமே எழுதலாம். மொதல்ல குக்கர். நம்ம ஊரு மூணு லிட்டர் குக்கர். மூடி பூட்டிக்கிறதால அடுப்புலேந்து சாஞ்சாலும் கொதிக்கிறது மேல கொட்டாது, கேஸும் கம்மியா ஆகும். எங்ககிட்ட இருந்தது 2.75 கிலோ நீல சிலிண்டர், ரெண்டு. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாஞ்சாலும் அது நேரா நிக்க பாக்கும். சமைக்கிற ஆள் மட்டும்தான் நேரா நிக்க முடியாது, இடுப்புல ஒரு பெல்ட்ட மாட்டி சாஞ்சிக்கணும்.

இட்லி ஆச விடல. இன்வெர்ட்டர்ல மிக்ஸி ஓட்டி ஒரு நாள் மாவு அரச்சிட்டேன். 27 டிகிரி சூட்டுல மாவு பொங்குறதுக்கு கேக்கவா வேணும், அதோட படகு உருட்டுற உருட்டுல ராத்திரி முழுக்க யாரோ கரண்டி போட்டு கலக்குன மாதிரி, காலையில பாத்தா பாத்திரத்த விட்டு வெளிய வந்து பக்கத்து டிராயருக்குள்ள எறங்கி இவரோட சாக்ஸ் பூரா மாவு. மிச்சம் இருந்தத ஊத்தி வச்சா, அடுப்பு என்னதான் நேரா நின்னாலும் குழிக்குள்ள மாவு அலை அடிக்குதே, ஒவ்வொரு இட்லியும் ஒரு பக்கம் ஒசரமா ஒரு பக்கம் தட்டையா, சரிவு வச்ச கூரை மாதிரி வெந்துச்சி. ருசி நல்லாதான் இருந்துச்சி. அதுக்கப்புறம் தோசதான்.

ஃப்ரிட்ஜ் சின்னது, கரண்ட் தின்னும், அத நம்பல. முட்ட 90 வாங்குனோம். கடையில ஃப்ரிட்ஜ்ல வைக்காத முட்டையா பாத்து வாங்கி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ திருப்பி திருப்பி வச்சா ஒரு மாசம் தாங்கும், கோஸ், பூசணி, வெங்காயம் எல்லாம் அப்டித்தான். பச்சப்பயறு முள கட்டுனா அதான் பச்சக் காய்கறி. மிண்டேலோ மார்க்கெட்ல ஒரு வாழத்தாரே வாங்கி பின்னாடி கட்டி தொங்கவிட்டோம். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, யாரும் சொல்லல: தார் மொத்தமா ஒரே நாள்ல பழுக்கும். ஆறாவது நாள் அறுபது பழம். பஜ்ஜி, பணியாரம், சப்பாத்தி மாவுக்குள்ள, கடைசியில சின்னவன் "அம்மா வாழப்பழம் இல்லாத சாப்பாடு இருக்கா"ன்னு அழுதான்.

அப்புறம் வடவம். புதுச்சேரிக்காரங்களுக்கு வெளக்க வேணாம், மத்தவங்களுக்கு: சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம்லாம் இடிச்சி வெளக்கெண்ண விட்டு பெசஞ்சி வெயில்ல காய வச்ச உருண்ட. பிரெஞ்சுக்காரன் அத வடுவான்னு பேரு வச்சி பெரிய ஹோட்டல்ல விக்கிறான். ஃப்ரிட்ஜே வேணாம். அத்த ஒரு டப்பா குடுத்தனுப்புனாங்க. எண்ணெயில ஒரு உருண்ட போட்டா டின்னுல அடச்ச தக்காளி கூட கொழம்பாயிடும். கருவாடும் எடுத்துட்டு போனேன், மூணாவது நாளே இவரு ஓட்டுப் போட்டு வெளிய கட்டி வைக்க சொல்லிட்டாரு.

மீனு தானா வரும். காலையில மேல்தட்டுல பறவக்கோலா விழுந்து கெடக்கும், நம்ம கடலூர் மார்க்கெட்ல வர்ற அதே கோலா சாதிதான். எண்ணி எடுத்துட்டு வர்றது சின்னவன் வேல. தூண்டில்ல ரெண்டு தடவ டொராடோ மாட்டுச்சி, மஞ்சளும் பச்சையுமா மின்னும், செத்த உடனே கலர் போயிடும். மத்த நாள்ல தூண்டில இழுத்தா சர்காசம் பாசிதான் கொத்து கொத்தா.

குடிக்கிற தண்ணி?

500 லிட்டர். தொட்டியில 300, மிச்சம் 200 இருவது லிட்டர் கேன்ல. குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 15 லிட்டர்னு கணக்கு. பாத்திரம் கடல்தண்ணியில, குளியல் கடல்தண்ணியில. சோறு வடிக்க மூணு பங்கு நல்ல தண்ணிக்கு ஒரு பங்கு கடல்தண்ணி ஊத்துனா உப்பே போட வேணாம், கடல்தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கு. ஆனா பருப்புக்கு ஊத்திடாதீங்க, வேகவே வேகாது, நான் ஒரு சிலிண்டர்ல பாதிய அதுலதான் கத்துக்கிட்டேன்.

எட்டாவது நாள் ராத்திரி ரெண்டரை இருக்கும், என் ஷிஃப்ட். உள்ள எங்கயோ டுர்ர்ருனு ஒரு மோட்டார் சத்தம். யாரோ கொழாய தெறந்திருக்காங்கன்னு விட்டுட்டேன், அடுத்த ரவுண்டு வரும்போதும் சத்தம் நிக்கல. எறங்கி போய் டார்ச் அடிச்சி தரப்பலகைய தூக்குனா கீழ கணுக்கால் அளவு தண்ணி, படகு சாய சாய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுது. என் கை கால் ஆடிப்போச்சி. இவர எழுப்புனேன். மனுஷன் எழுந்தாரு, ஒண்ணும் பேசல, குனிஞ்சி விரல அந்த அழுக்குத் தண்ணியில முக்கி நாக்குல வச்சாரு. நான் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கேன். "உப்பு இல்ல"ன்னாரு.

அதாவது படகுக்குள்ள கடல் வரல, முழுகல. அந்த நிம்மதி ஒரு அஞ்சு செகண்டு. அடுத்தது உப்பு இல்லன்னா அது நம்ம குடிக்கிற தண்ணின்னு ஒறச்சது. சிங்க்குக்கு போற ரப்பர் கொழாய்ல ஒரு கிளிப்பு துருப்புடிச்சி உட்டுப்போச்சி, மோட்டார் பாவம் விசுவாசமா தொட்டிய அடியில எறச்சிட்டே இருந்துருக்கு. 110 லிட்டர் பக்கம் போச்சு. கணக்கு போட்டா மிச்சம் 270 இருக்கு, போதும்தான், ஆனா மனசு கேக்கல, அன்னிலேந்து மோட்டார் சுவிட்ச ஆஃப் பண்ணியே வச்சோம். இப்போவும் வீட்ல மோட்டார் ரொம்ப நேரம் ஓடுனா எனக்கு வயித்த கலக்கும். தண்ணிய கேன் கேனா பிரிச்சி வச்சதாலதான் பொழச்சோம், ஒரே தொட்டியில வைக்காதீங்க.

குளியல், துணி?

வாளியில கடல்தண்ணி மொண்டு ஊத்திப்போம், கடைசியில ஆளுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணி. துணிய கடல்தண்ணியில அலசி காயப்போட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுத்து சாயங்காலம் மறுபடி பிசுபிசுன்னு ஆயிடும். அதனால துவைக்கிறதையே விட்டுட்டோம், மழ வந்தா எல்லாத்தையும் வெளிய போட்டோம்.

பசங்க போர் அடிக்கலையா? படிப்பு?

அப்போ மூத்தவளுக்கு 10, சின்னவனுக்கு 6. பிரான்ஸ் அரசாங்கத்தோட தொலைதூரக் கல்வியில சேத்திருந்தோம், காலையில ரெண்டு மணி நேரம் பாடம். ஆடுற மேசையில எழுதுன கையெழுத்த அனுப்புனா வாத்தியாருக்கு என்ன தோணுமோ. கணக்கு மட்டும் நெஜமாவே படிச்சா. தெனமும் மத்தியானம் காகித வரைபடத்துல நாங்க இருக்குற எடத்த புள்ளி வச்சி, நேத்து புள்ளிக்கும் இன்னிக்கு புள்ளிக்கும் கவராயத்தால அளந்து எத்தன மைல்னு சொல்றது அவ வேல. தமிழ் நோட்டுல டைரி எழுத வச்சேன், பாட்டி கேட்டாங்கன்னு. ஒரு நாள் பூரா இவ்ளோதான்: "128 மைல். கோலா 4. அம்மா கோவம்."

போர் அடிச்சிது, அடிக்கட்டும்னு விட்டோம். அஞ்சாவது நாளுக்கு அப்புறம் கயிறு முடிச்சில ஒரு ஊரே கட்டி வெளையாடுனாங்க.

சட்டம் ரெண்டே ரெண்டு, அதுல பேச்சே கெடையாது. வெளிய வந்தா பெல்ட்டுல கயிறு மாட்டிதான் வரணும். ராத்திரி யாரும், பெரியவங்களும்தான், இன்னொருத்தர எழுப்பாம பின்னாடி இருக்குற உக்கார்ற எடத்த விட்டு முன்னாடி போகக்கூடாது. பின்காத்துல முழு பாய் விரிச்சி ஓடுற படக உடனே திருப்ப முடியாது, அந்த அலையில ஒரு தல கொஞ்ச தூரத்துலயே மறஞ்சிடும். ஆம்பளைங்க படகு ஓரத்துல நின்னு ஒண்ணுக்கு போறதும் தட, விழுந்து போனவங்க நெறய பேரு அப்டிதான் விழுந்திருக்காங்க. இவரு மொதல்ல சிரிச்சாரு. நான் சிரிக்கல.

புருஷன் பொண்டாட்டி சண்ட வரலையா?

வராம? ஆனா கோச்சிக்கிட்டு போறதுக்கு எடம் வேணுமே. அம்மா வீட்டுக்கு போறேன்னு சொல்ல முடியாது. தூக்கம் இல்லாத நேரத்துல வர்ற சண்ட எல்லாம் ஒரு ஸ்பூன், ஒரு ஈரத் துண்டு, டீயில சக்கர, இதுலதான் ஆரம்பிக்கும். மூணாவது ராத்திரி ஒரு மோதல் நடந்துச்சி, இருட்டுறதுக்கு முன்னாடி பாய சுருக்கணும்னு நான், வேகம் போயிடும்னு இவரு, பதினொரு மணிக்கு கருமேகம் வந்து ரெண்டு பேரும் மழையில நனஞ்சிட்டே சுருக்குனோம். அதுக்கப்புறம் ஒரு ஒப்பந்தம்: யாரு மொதல்ல சுருக்கணும்னு சொல்றாங்களோ அவங்க சொன்னதுதான். இன்னொண்ணு, ஷிஃப்ட் மாத்துற நேரத்துல எந்த பிரச்சனையும் பேசக்கூடாது, தூங்கி எழுந்து டீ குடிச்சிட்டு பேசலாம். பாதி சண்ட டீயோட போயிடும். இங்க வீட்லயும் அத கடைபிடிக்கிறோம்னு சொன்னா நம்பாதீங்க.

ஒடம்புக்கு முடியலன்னா?

சாட்டிலைட் போன் இருந்துச்சி, மெசேஜும் ஒரு நிமிஷ பேச்சும் போகும், வாட்ஸாப் ஃபேஸ்புக்லாம் இல்ல. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில கடல்ல இருக்குறவங்களுக்குன்னே 24 மணி நேரமும் காசு வாங்காம டாக்டருங்க பேசுவாங்க. பதினொண்ணாவது நாள் சின்னவனுக்கு காது வலி, ஜுரம். கூப்ட்டேன். காதுக்கு முன்னாடி இருக்குற மடல அமுக்க சொன்னாங்க, எந்தெந்த மருந்து இருக்குன்னு கேட்டாங்க, அப்புறம் பையன் எத்தன கிலோன்னாங்க. ஆடுற படகுல எட போட முடியுமா? கெளம்புறதுக்கு முன்னாடி அளந்தத மருந்து டப்பா மூடியில எழுதி வச்சிருந்தேன், 21 கிலோ. அத வச்சி அளவு சொன்னாங்க. ரெண்டு நாள்ல சரியாச்சி. உயிர் போற ஆபத்துன்னா தட்டிவிட சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற ஒரு பீக்கன், காத்தடச்சா விரியுற உயிர்காக்கும் படகு, ரெண்டும் இருந்துச்சி, தொடவே இல்ல.

சுறா, திமிங்கலம்?

டால்ஃபின் நெறய. சுறா ஒண்ணு கூட பாக்கல. பசங்களுக்கு ஏமாத்தம்.

பொம்பளைங்களால முடியுமா?

இத கேக்குறது பெரும்பாலும் மாமாக்கள்தான். இந்திய கடற்படையில லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, நம்ம புதுச்சேரி பொண்ணு, கேரளாவ சேந்த தில்னாவோட சேந்து ஐஎன்எஸ்வி தாரிணிங்கற 56 அடி பாய்மரப் படகுல 2024 அக்டோபர் 2 கோவாவுல கெளம்பி உலகத்தையே சுத்தி 2025 மே மாசக் கடைசியில திரும்புனாங்க. ரெண்டே பேரு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து, கேப் டவுன். அவங்க போன தென்கடல் முன்னாடி நாங்க போனது ஊசுட்டேரி மாதிரி. மாமா, போதுமா?

அதே படகுல புதுச்சேரிக்கே வந்திருக்கலாமே?

எல்லாரும் மேப்ப பாத்து சொல்றாங்க. சூயஸ் வழியா வந்தா செங்கடல், ஏடன் வளைகுடா. ஒரு காலத்துல சோமாலியா கொள்ளக்காரங்க, நாங்க தாண்டி முடிச்சப்புறம் 2023 நவம்பர்லேந்து ஏமன் பக்கம் கப்பல் மேல தாக்குதலும் ஆரம்பிச்சிது. குழந்தைங்கள வச்சிட்டு அந்த வழி வேணாம். வந்தாலும் எங்க கட்டுறது? கொச்சியில போல்காட்டில மெரினா இருக்கு. நம்ம பக்கம் தேங்காய்த்திட்டுல மீன்பிடி படகுக்கே எடம் பத்தல, முகத்துவாரத்துல மணல் மேடு வேற. எங்க படகு அடிப்பாகம் ஆறடி ஆழம் எறங்கும், உள்ளயே நொழையாது.

செலவு?

படகு 38,000 யூரோ, பாய், பாதுகாப்பு சாமான், ரிப்பேர்னு இன்னொரு 20,000. மார்த்தினிக்ல 33,000க்கு வித்துட்டு ஃப்ளைட்டுல வந்தோம். வீட்ட வாடகைக்கு விட்டு, இவரு சம்பளம் இல்லாத லீவு போட்டு. மாச செலவு தூலோன்ல இருந்தத விட கம்மி, கடல் நடுவுல கட கெடையாது பாருங்க.

மார்த்தினிக்ல நம்ம ஆளுங்க இருக்காங்களாமே?

இருக்காங்க. அங்க 1848ல அடிமை முறைய ஒழிச்சப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு நம்ம புதுச்சேரி, காரைக்கால்லேந்துதான் பிரெஞ்சுக்காரன் ஒப்பந்தம் போட்டு கூட்டிட்டு போனான். மொத கப்பல் 1853ல போய் சேந்துச்சி, ஓரேலின்னு பேரு. அடுத்த முப்பது வருஷத்துல சுமார் 25,000 பேரு. அவங்க போனது எங்க வழியில்ல, ஆப்பிரிக்காவோட கீழ் முனைய சுத்தி, மாசக்கணக்குல, கப்பல் அடித்தட்டுல, தண்ணிய அளந்து குடுப்பான். நாங்க ஆசைக்கு போனோம். எட்டாவது நாளுக்கு அப்புறம் ராத்திரி முழிச்சிருக்கும்போது அடிக்கடி அந்த நெனப்பு வரும், கைக்குழந்தைய வச்சிட்டு எத்தன பேரு அந்த அடித்தட்டுல இருந்திருப்பாங்க, அவங்கள்ல ஒருத்திக்கு கூட திரும்பி வர டிக்கெட் கையில இருந்துருக்காது.

ஜனவரி 4 காலையில லெ மாரேன்ங்கற ஊர்ல கட்டுனோம். எறங்குன உடனே தர ஆடுச்சி, மூத்தவ பாலத்து கம்பிய புடிச்சிட்டு "அம்மா ஊரு ஆடுது"ன்னு நிக்கிறா. மார்க்கெட்டுக்கு போனேன். அங்க கொழம்புக்கு கொலம்போன்னு பேரு, பொடி பாக்கெட் பாக்கெட்டா விக்கிறாங்க, மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு வாசன. வித்த அம்மா நம்ம ஊரு மூஞ்சி, அப்டியே எங்க பெரியம்மா ஜாட, ஆனா ஒரு வார்த்த தமிழ் வரல, நான் பிரெஞ்சுல பேசுனேன். பாண்டிச்சேரின்னேன். அந்தம்மா தன் பாட்டியோட பாட்டி காரைக்கால்னாங்க. மறுநாள் அத்த குடுத்த டப்பாவுல கடைசியா இருந்த மூணு வடவத்த கொண்டு போய் குடுத்தேன். மோந்து பாத்துட்டு, இத அப்டியே திங்கிறதா எண்ணெயில போடுறதான்னு கேட்டாங்க, அவங்க அடுப்புலயே ஒரு உருண்டய போட்டு காட்டுனேன், பக்கத்து கடைக்காரம்மா ரெண்டு பேரு வாசனைக்கு எழுந்து வந்துட்டாங்க.